யார் கையால் பந்தி? – தரங்கம்பாடி லுத்தரன் சபையின் நம்பிக்கையும் வழிபாடும் சாதியும்



நாம் யாரை நினைத்து இன்று கூடியிருக்கிறோமோ அந்த ஆசிரியர், வாழ்நாள் முழுவதும் ஒன்றைத் திரும்பத் திரும்ப வலியுறுத்தி வந்தார். ஒடுக்கப்பட்டோருக்கு வரலாறு இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், மற்றவர்கள் எழுதி வைத்த ஏடுகளுக்குள்ளேயே நம்மவர்கள் இருக்கிறார்கள், தேடிப் படியுங்கள் என்பார். அந்தச் சொல்லை ஏற்று, மிஷனரிகள் எழுதி வைத்த ஏடுகளுக்குள் நம்மவர் ஒருவரைத் தேடிப் போன பயணம்தான் இந்த உரை. அவர் பெயர் ராஜநாயக்கன். தஞ்சாவூர் மன்னரின் படையில் இருந்த பறையர் குலத்துச் சேவைக்காரர். பிறகு லுத்தரன் சபையின் உபதேசியார். சபை அவரை உழைக்கச் சொன்னது. குருவாக்க மட்டும் மறுத்தது. ஏன் மறுத்தது என்ற கேள்விக்கு விடை தேடப் போனால், அந்தச் சபையின் நம்பிக்கைகளையும் வழிபாட்டு முறையையும் முழுதாகப் பேச வேண்டியிருக்கிறது.

பந்தி என்ற சொல்

தமிழ்நாட்டுச் சீர்திருத்தச் சபையார் கர்த்தருடைய இராப்போஜனத்தைப் 'பந்தி' என்றும் சொல்வார்கள். திடப்படுத்தல் பெற்ற பிள்ளையைப் 'பந்தியில் சேர்ந்தாச்சு' என்பார்கள். ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானவரைப் 'பந்தியிலிருந்து விலக்கி வைத்திருக்கிறார்கள்' என்பார்கள்.

இந்தச் சொல்லை நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். நம் ஊரில் பந்தி என்பது வெறும் சாப்பாட்டு வரிசை அல்ல. யார் யாரோடு உட்காரலாம், யார் பரிமாறலாம், யார் முதல் பந்தி, யார் கடைசிப் பந்தி, யாருக்குப் பந்தலுக்கு வெளியே இலை என்ற முழுச் சாதி இலக்கணமும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. 'சமபந்தி போஜனம்' என்று அரசே தனியாக ஒன்றை நடத்த வேண்டியிருக்கிறது என்றால், பந்தி இயல்பிலேயே சமமாக இல்லை என்றுதானே பொருள்? எல்லாரும் ஒரே அப்பத்தில் பங்குபெறும் சடங்குக்குத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் இந்தச் சொல்லை வைத்துக்கொண்டார்கள். சொல்லோடு சொல்லின் சண்டையும் கோயிலுக்குள் வந்து சேர்ந்தது.

கிண்ணத்துக்காக நடந்த போர்

சண்டை ஐரோப்பாவிலேயே தொடங்கிவிட்டது. இடைக்கால மேற்கத்தியத் திருச்சபையில் பொதுமக்களுக்கு அப்பம் மட்டுமே கொடுக்கப்பட்டது. திராட்சரசக் கிண்ணம் குருக்களுக்கு மட்டும் என்றானது. பொகீமியாவில் யான் ஹுஸ் வழிவந்தவர்கள், இயேசு எல்லாரையும்தானே குடிக்கச் சொன்னார் என்று கேட்டார்கள். 1415இல் கான்ஸ்டன்ஸ் பொதுச்சங்கம் மக்களுக்குக் கிண்ணம் கொடுப்பதைத் தடை செய்தது. அதே ஆண்டு ஜூலை 6 அன்று ஹுஸ் உயிரோடு எரிக்கப்பட்டார். அவருக்குப் பின் எழுந்த போராளிகள் கிண்ணத்தையே தங்கள் கொடியின் சின்னமாக ஏந்தினார்கள்.

நூறு ஆண்டுகள் கழித்து மார்ட்டின் லூத்தர் அந்தக் கிண்ணத்தை மக்களிடம் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பின்னால் ஒரு கோட்பாடு இருந்தது. ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரும் ஆசாரியரே. குருவுக்கும் தோல் தைப்பவருக்கும் கடவுள் முன் தகுதியில் வேறுபாடு இல்லை, பணியில்தான் வேறுபாடு என்றார் அவர். பிறப்பால் ஒருவர் பூசை செய்யத் தகுந்தவர், இன்னொருவர் தகாதவர் என்று கேட்டே வளர்ந்த நமக்கு இது எவ்வளவு பெரிய சொல் என்று விளக்க வேண்டியதில்லை.

லுத்தரன் சபை எதை நம்புகிறது

இந்தச் சபையின் அடிப்படை அறிக்கை 1530இல் ஆக்ஸ்பர்க் நகரில் பேரரசர் முன் வாசிக்கப்பட்டது. மனிதர் தம் நற்செயலால் கடவுளிடம் நீதிமான் ஆவதில்லை. கிருபையால், விசுவாசத்தின் வழியாக மட்டுமே ஆகிறார் என்பது அதன் உயிர்நாடி. குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் உண்டு. இராப்போஜனத்தில் அப்பத்திலும் ரசத்திலும் அவற்றோடும் அவற்றின் கீழும் கிறிஸ்துவின் சரீரமும் இரத்தமும் மெய்யாகவே இருக்கின்றன என்பது நம்பிக்கை. அது வெறும் அடையாளமே என்று சொன்ன ஸ்விங்கிலியோடு 1529இல் மார்பர்க் நகரில் நேருக்கு நேர் வாதிட்டு, ஒத்துப்போகாமல் பிரிந்தவர் லூத்தர்.

வழிபாட்டுக்கு ஒரு முறை உண்டு. முதலில் சபையாக முழங்காலில் நின்று பாவ அறிக்கை, பிறகு மன்னிப்பின் அறிவிப்பு, நிருபம், சுவிசேஷம், விசுவாசப்பிரமாணம், பிரசங்கம், அதன்பின் பந்தி. பலிபீடத்துக்கு முன்னால் உள்ள கிராதியருகே வரிசையாக முழங்காலிடுவார்கள். குருவானவர் ஒவ்வொருவர் வாயிலும் அப்பத்தை வைத்து, ஒரே கிண்ணத்தை ஒவ்வொருவர் உதட்டிலும் சாய்ப்பார். சபையாரெல்லாம் சேர்ந்து பாடுவது இந்தச் சபையின் தனி அடையாளம். ஞானப்பாட்டு தெரியாத லுத்தரன் வீட்டைப் பார்ப்பது அரிது.

அந்த அறிக்கையில் இரண்டு கூறுகளை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். எட்டாவது உறுப்பு, அருட்சாதனத்தின் பலன் அதைக் கொடுப்பவரின் தகுதியைச் சார்ந்ததல்ல என்கிறது. கொடுப்பவர் தீயவராகவே இருந்தாலும் அப்பம் அப்பம்தான், கிருபை கிருபைதான். ஏழாவது உறுப்பு, சுவிசேஷமும் அருட்சாதனங்களும் சரியாக இருந்தால் போதும், மனிதர் ஏற்படுத்திய வழக்கங்கள் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருக்க வேண்டியதில்லை என்கிறது. முதலாவது, நம்மவருக்குத் திறந்திருக்க வேண்டிய கதவு. இரண்டாவது, சாதி உள்ளே நுழைந்த சன்னல்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1525இல் ஜெர்மானிய உழவர்கள் பன்னிரண்டு கோரிக்கைகளை வைத்தார்கள். கிறிஸ்து எல்லாரையும் தம் இரத்தத்தால் மீட்டிருக்கும்போது எங்களைப் பண்ணையடிமைகளாக வைத்திருப்பது எப்படித் தகும் என்பது மூன்றாவது கோரிக்கை. லூத்தர் அதை ஏற்கவில்லை. ஆன்ம விடுதலையை உடல் விடுதலையாக மாற்றுகிறீர்கள் என்று கடிந்துகொண்டார். கடவுளின் ஆட்சி வேறு, உலக ஆட்சி வேறு என்ற அந்தப் பாகுபாடு மூன்று நூற்றாண்டு கழித்துக் காவிரிக் கரையில் மறுபடி ஒலித்தது.

தரங்கம்பாடியில் வந்து இறங்கியது

1706 ஜூலை 9 அன்று சீகன்பால்கும் புளூட்சாவும் தரங்கம்பாடியில் கரையேறினார்கள். அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக். பயிற்சி தந்தது ஜெர்மனியின் ஹாலே பக்தி இயக்கம். 1707 மே 12 அன்று முதன்முதலாக ஞானஸ்நானம் பெற்ற ஐவரும் டேனியர் வீடுகளில் இருந்த அடிமைகள். ஆகவே, இந்தியாவின் சீர்திருத்தக் கிறிஸ்தவ வரலாற்றின் முதல் பக்கத்தில் இருப்பவர்கள் அடிமைகள். நூற்றாண்டு விழா மலர்களில் சீகன்பால்கின் படம் பெரிதாக இருக்கும். இந்த ஐவர் ஒரு வரியில் கடந்து போவார்கள்.

சீகன்பால்க் தமிழ் கற்றார், லூத்தரின் ஞானோபதேசத்தைத் தமிழாக்கினார், அச்சகம் வைத்தார். 1714இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி வெளிவந்தன. உள்ளூர் டேனிய ஆளுநரோடு மோதி நான்கு மாதம் சிறையிலும் இருந்தார். 1718இல் புதிய எருசலேம் ஆலயம் கட்டி முடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, முப்பத்தாறு வயதில், இறந்தார்.

அந்தச் சபைகளில் மிஷன் ஏடுகள் 'சூத்திரர்' என்று குறிப்பிடும் வேளாளர் முதலானோர் ஒரு பக்கமும் பறையர்கள் மறுபக்கமுமாக அமர்ந்தார்கள். பந்திக்கும் அந்த வரிசையிலேயே வந்தார்கள். மிஷனரிகள் இதைச் சரி என்று போதிக்கவில்லை. ஆனால் மாற்றினால் ஆட்கள் வரமாட்டார்கள் என்று அஞ்சினார்கள். எந்தச் சபையில் குருவுக்கும் சாமானியனுக்கும் நடுவே இருந்த வேலி ஒரே கிண்ணத்தால் உடைக்கப்பட்டதோ, அந்தச் சபையிலேயே அந்தக் கிண்ணத்தின் விளிம்பில் யார் எச்சில் முதலில் படுவது என்பது வழக்காகிவிட்டது.

ராஜநாயக்கன்

1700 வாக்கில் பிறந்தவர் ராஜநாயக்கன். கத்தோலிக்கக் குடும்பம். தஞ்சை அரண்மனைப் படையில் பணி. தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷப் புத்தகம் ஒன்று அவர் கைக்கு வந்தது. அதைப் படித்தார், கூட இருந்த படைவீரர்களுக்கும் சொன்னார், தேடல் மிகுந்து தரங்கம்பாடிக்கு வந்து லுத்தரன் சபையில் சேர்ந்தார். படைவேலையை விட்டு உபதேசியாரானார்.

இந்த இடத்தைப் பக்திக் கதையாகக் கேட்டுவிட்டுப் போக நமக்கு மனம் வரவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் முதற்பகுதியில் ஒரு பறையர், அச்சிட்ட தமிழ்ப் புத்தகத்தைக் கையில் எடுத்து, தானே படித்து, தன் அறிவால் ஒரு முடிவுக்கு வருகிறார். தமிழ் அச்சு வரலாற்றின் தொடக்க கால வாசகர்களில் ஒருவர் அவர். தலித் மக்களின் வாசிப்பு வரலாற்றை எழுதப் போகும் மாணவர்கள் அவரிடமிருந்தும் தொடங்கலாம்.

தஞ்சைப் பகுதி அப்போது ஐரோப்பிய மிஷனரிகளுக்கு எளிதில் திறக்காத நாடு. அவர்களால் போக முடியாத ஊர்களுக்கெல்லாம் ராஜநாயக்கன் போனார். பண்ணையாட்கள் நடுவே சபைகளைக் கூட்டினார். பழைய சபையாரின் கடும் பகையைத் தாங்கினார். மிஷனரிகளின் அறிக்கைகளே அவருடைய உழைப்பைப் புகழ்கின்றன.

1733 டிசம்பர் 28 அன்று ஆரோன் என்ற கடலூர் வேளாளர் குருவாக அபிஷேகம் பெற்றார். தமிழ்ச் சீர்திருத்தச் சபையின் முதல் சுதேசிக் குரு அவர். சில ஆண்டுகளில் இரண்டாவது குரு ஒருவர் தேவைப்பட்டார். ராஜநாயக்கன் பெயர் முன்னால் இருந்தது. ஊழியத்தில் குறை காண யாருக்கும் எதுவும் இல்லை. ஆனால் சூத்திரக் கிறிஸ்தவர்கள் ஒரு பறையர் கையிலிருந்து பந்தி வாங்கத் தயங்குவார்கள், வெளியாரும் சபையை இழிவாகப் பார்ப்பார்கள் என்று மிஷனரிகள் கருதினார்கள். 1741இல் தியோகு என்ற இன்னொரு உபதேசியார் குருவானார். ராஜநாயக்கன் 1771இல் இறக்கும்வரை உபதேசியாராகவே இருந்தார்.

'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து' என்பது நம் பழமொழி. ராஜநாயக்கன் படைக்கு முந்தியவர். அவரைப் பந்திக்குப் பிந்த வைத்தார்கள்.

இப்போது ஆக்ஸ்பர்க் அறிக்கையின் எட்டாவது உறுப்பை மறுபடி நினைவுகூர்வோம். கொடுப்பவர் கொலைகாரராக இருந்தாலும் பந்தி செல்லும் என்பதுதான் அந்தச் சபையின் அதிகாரபூர்வமான நம்பிக்கை. நேர்மையான ஊழியர் என்று அவர்களே சான்று கொடுத்த ஒருவரின் கை மட்டும் செல்லவில்லை. பாவியின் கை அப்பத்தைக் கெடுக்காது, பறையரின் கை கெடுக்கும் என்றால், அங்கே ஆண்டது எந்த வேதம்? அவர்கள் கைவிட்டது தங்களுடைய சொந்த விசுவாசப் பிரமாணத்தையே. வேற்று மதத்தின் அளவுகோலால் நாம் அவர்களை அளக்கவில்லை. அவர்களுடைய கோலே போதுமானது.

பாட்டும் பூவும் சாதியும்

1829இல் தஞ்சாவூரில் இன்னொரு காட்சி. சுவார்ட்ஸ் ஐயர் வளர்த்த வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பெரும்புலவர்; பெத்லகேம் குறவஞ்சியின் ஆசிரியர்; வேளாளக் கிறிஸ்தவர். லுத்தரன் ஊழியர்கள் உருவாக்கிய தஞ்சைச் சபை அதற்குள் ஆங்கிலிக்கன் நிர்வாகத்துக்குள் போயிருந்தது. புதிதாக வந்த இளம் மிஷனரிகள் பழைய வேதமொழிபெயர்ப்பை மாற்ற முயன்றார்கள். தமிழ்க் கீர்த்தனைகளையும் விழாக்களில் பூ அணிவதையும் தடுத்தார்கள். சாதி வேறுபாட்டை விட்டு ஒன்றாக இருக்க வேண்டும் என்றும் கட்டளையிட்டார்கள். சாஸ்திரியார் நான்கையும் ஒரே கொடுமையின் நான்கு முகங்கள் என்று எழுதி எதிர்த்தார்.

இங்கே நாம் கவனமாக இருக்க வேண்டும். தமிழ்ப் பாட்டையும் பூவையும் காத்த சாஸ்திரியாரைப் பண்பாட்டுப் போராளி என்று கொண்டாடுவோர் உண்டு. பாட்டைப் பொறுத்தவரை அவர் பக்கம் நியாயம் இருந்தது. வெள்ளைக்கார இளைஞர்களின் ஆணவமும் உண்மை. ஆனால் பாட்டு, பூ, சாதி மூன்றையும் 'நம் பண்பாடு' என்று ஒரே நாரில் கட்டினால், அந்த மாலை யார் கழுத்துக்கு? 'மண்ணின் மரபு' என்று யாராவது இன்று பேசும்போதும் இதே கேள்வியைத்தான் நாம் கேட்க வேண்டும்.

1833 ஜூலையில் கல்கத்தா பிஷப் டானியேல் வில்சன் தென்னகச் சபைகளுக்கு ஒரு சுற்றுமடல் அனுப்பினார். சாதி வேறுபாட்டைத் தாமதமின்றி, அடியோடு விட்டுவிட வேண்டும். தனி இருக்கையும் தனிப் பந்தியும் இனி இல்லை என்பது அதன் சாரம். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் ஆதிக்கச் சாதிக் கிறிஸ்தவர்கள் பெருந்திரளாகச் சபையைவிட்டு வெளியேறினார்கள். கிறிஸ்துவை விட முடிந்தது. சாதியை விட முடியவில்லை.

லைப்சிக் காட்டிய அடைக்கலம்

வெளியேறியவர்களில் பலருக்கு வீடு கிடைத்தது. 1840களில் ஜெர்மனியிலிருந்து புதிய லுத்தரன் மிஷன் தரங்கம்பாடிக்கு வந்தது. டென்மார்க் 1845இல் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட, பழைய மிஷனின் சொத்தும் சபைகளும் இந்த லைப்சிக் மிஷனுக்கு வந்து சேர்ந்தன. அதன் இயக்குநர் கார்ல் கிரௌல் சாதாரணர் அல்லர். திருக்குறளை ஜெர்மனில் பெயர்த்த தமிழறிஞர். 1849 முதல் 1853 வரை இந்தியப் பயணத்தில் இருந்து நம் சமூகத்தைப் படித்தார். சாதி சமூக ஒழுங்கு சார்ந்தது, அதைச் சட்டம் போட்டு ஒழிக்கக் கூடாது, சுவிசேஷம் உள்ளிருந்து மெல்ல மெல்லக் கரைக்கும் என்பது அவர் முடிவு. சாதியை விட்டதற்கு அடையாளமாக எல்லாரும் சேர்ந்து உண்ண வேண்டும் என்று மற்ற மிஷன்கள் கேட்டபோது லைப்சிக் மறுத்தது. ஏழாவது உறுப்பின் சன்னலும், 1525இல் உழவர்களுக்குச் சொல்லப்பட்ட பதிலும் இங்கே சேர்ந்து வேலை செய்தன.

அந்த மிஷனுக்குள்ளேயே எதிர்ப்பும் எழுந்தது. ஓக்ஸ் என்ற மிஷனரி, சாதியோடு சமரசம் முடியாது என்று பிரிந்து, 1860களின் தொடக்கத்தில் கடலூருக்கு அருகே மேல்பட்டாம்பாக்கத்தில் தனியே ஊழியம் தொடங்கினார். அது டேனிஷ் மிஷனாக வளர்ந்தது. ஆகவே, 'அந்தக் காலம் அப்படி' என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. அதே காலத்தில், அதே சபையில், அதே ஞானோபதேசத்தைப் படித்த ஒருவரால் 'முடியாது' என்று சொல்ல முடிந்திருக்கிறது.

1919 ஜனவரி 14 அன்று தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தன்னாட்சி பெற்றது. மெல்லக் கரையும் என்று கிரௌல் சொன்னது கரைந்ததா? காவிரிப் படுகையில் நாங்கள் சந்தித்த மூதாட்டி ஒருவர், சிறுமியாக இருந்தபோது தன் தாய் கோயிலின் பின்பக்கம் உட்கார்ந்து, எல்லாரும் எழுந்து வந்த பிறகு கடைசியாகப் பந்திக்குப் போனதைச் சொன்னார். 'கிண்ணத்துல மிச்சம் இருக்குமான்னு எங்கம்மா எட்டிப் பாப்பா' என்றார். தனிக் கல்லறைக்காக இன்றும் வழக்காடும் சபைகள் தமிழகத்தில் உண்டு. இது லுத்தரன்களின் நோய் மட்டுமல்ல. வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலுக்குள் நின்ற சாதிச் சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது.

ஒரு உலை

மாற்றம் மேலிருந்து வந்த சுற்றுமடலாலும் வரவில்லை, மெல்லக் கரைதலாலும் வரவில்லை. தலித் கிறிஸ்தவர்கள் தாமே பேசத் தொடங்கியபோதுதான் அசைவு ஏற்பட்டது. சைமன் குழுவுக்குத் தென்னிந்தியத் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள் கொடுத்த மனுவைப் பாபாசாகேப் அம்பேத்கர் தம் எழுத்தில் எடுத்துக்காட்டினார். மதம் மாறியும் தீண்டாமை மாறவில்லை என்பதற்கு அவர்களுடைய வாக்குமூலமே சான்றாயிற்று. 1980களில் சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் தலித் இறையியலை ஒரு துறையாக வளர்த்தார். ராஜநாயக்கனைக் குருவாக்கத் தயங்கிய சபையின் மரபில் வந்த கல்லூரியில் அது நடந்தது.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியோஃபிலஸ் அப்பாவு, நம் பறட்டை அண்ணன், வழிபாட்டையே மாற்றி எழுதினார். அவர் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவர். கடவுளைப் 'பெத்தவரே' என்று அழைத்தார். கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட பறையைப் பலிபீடத்துக்கு அருகே கொண்டுவந்தார். நாட்டுப்புற மெட்டில் முழு ஆராதனை முறையை அமைத்தார். பந்திக்கு அவர் கொடுத்த விளக்கம் 'ஒரு உலை' என்பது. ஒரே உலையில் பொங்கி எல்லாரும் சேர்ந்து உண்பவர்களே உறவினர்கள். சாஸ்திரியார் கட்டிய நாரை அவர் பிரித்தார். தமிழ்ப் பாட்டும் தாளமும் நமக்கு வேண்டும், சாதி வேண்டாம் என்பதைப் பேசி நிறுத்தாமல் பாடியே காட்டினார். அவர் 2005இல் மறைந்தார்.

நம் முன் உள்ள பணி

1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாத ஒருவர் பட்டியல் சாதியினர் அல்லர் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவ, இஸ்லாமியத் தலித்துகள் இன்றும் வெளியே. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்தத் தடையை நீக்கச் சொல்லி 2007இல் அறிக்கை கொடுத்தது. 2022இல் மறுபடி ஓர் ஆணையம் அமைத்தார்கள். கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்று அரசு சொல்கிறது; மேடையில் ஆயர்களும் அதையே சொல்கிறார்கள். ராஜநாயக்கனின் வாழ்க்கை இருவருக்கும் பதில். பந்தியில் பறையராக நடத்தப்பட்டவர் சான்றிதழில் மட்டும் எப்படிப் பறையர் இல்லாமல் போவார்?

இந்த வரலாற்றைச் சொல்வதால் நாம் யாரையும் மதத்தைவிட்டுப் போகச் சொல்லவில்லை, மதத்துக்குள் வரச் சொல்லவும் இல்லை. நம் மக்களில் பெருந்தொகையினருக்கு அந்தச் சபைகள் எழுத்தையும் பள்ளியையும் கூடி நிற்கும் இடத்தையும் கொடுத்தன. அதை மறுத்தால் நாமே நம் வரலாற்றை மறுப்பவர்களாவோம். ஆனால் நன்றிக்கடன் என்ற பெயரில் வாயை மூடச் சொன்னால் மூடக் கூடாது.

தோழர்களே, மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ச் சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடுகள், திருமணப் பதிவேடுகள், கல்லறைப் பதிவேடுகள் மட்கிக்கொண்டிருக்கின்றன. போய்ப் பாருங்கள். அனுமதி கேட்டுப் படியெடுங்கள். யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள், யாருடைய பிணம் எங்கே புதைந்தது, எந்த உபதேசியார் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார் என்று குறித்து வையுங்கள். பாட்டிமாரிடம் கேளுங்கள், அவர்கள் போன பிறகு கேட்க முடியாது.

ராஜநாயக்கன் நாற்பதாண்டுக்கு மேல் ஊர் ஊராக நடந்து ஆட்களைப் பந்திக்கு அழைத்து வந்தார். ஒருமுறைகூட அந்தக் கிண்ணத்தைத் தன் கையால் எடுத்துக் கொடுக்க அவருக்கு அனுமதி இல்லை. அவருடைய பெயரை இந்த அரங்கில் உரக்கச் சொன்னதை இந்த ஆண்டின் நினைவஞ்சலியாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஜெய்பீம்.